தகரப் பட்டறை வாசலில் என் அண்ணி

மஸ்கெலியாப் பாதையில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு தகரக் கேட்டின் முன்னால், தூறலில் நனைந்துகொண்டு என் அண்ணி கையை உயர்த்தி நின்றதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். நான் லொறிக்குள் இருந்தேன். ஹார்ன் அடித்தேன். அவர் நகரவில்லை. தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியின் நுனியிலிருந்து தண்ணீர் அவர் மூக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைப்பதற்காகக்கூட உயர்த்திய கையை அவர் இறக்கவில்லை. ராகலைப் பக்கத்திலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த நாளில் குனிந்த தலையோடு நின்ற அந்த முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அண்ணி என்றதும் கண் முன்னால் வருவது அந்தக் கேட்டும் அந்தக் கையும்தான்.

அப்போது நான் தோட்டத்து லொறி டிரைவர். எழுபதுகளின் நடுப்பகுதி. கடையில் காசு கொடுத்தாலும் எதுவும் கிடைக்காத காலம். பேக்கரியில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். தோட்டத்தில் பல நாள் வேலை கொடுக்க மாட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் மலைகளில் யாரும் எதையும் வீசியதில்லை. பால்மா டின் ஒரு வீட்டில் அரிசி அளக்கும், இன்னொரு வீட்டில் ரோஜாச் செடியைத் தாங்கும். உரம் வந்த சாக்கு கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்காகும், மழைக்குக் கொங்காணியாகும், கிழிந்த பிறகு பிள்ளைக்குப் படுக்கையாகும். லொறி டயர் செருப்பாகும். இப்போது இதற்கெல்லாம் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்து, பெரிய மண்டபங்களில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. நாங்கள் பெயர் வைக்காமலே அதைச் செய்து வாழ்ந்தவர்கள். ஆனால் ஒரு பொருள் மறுபடி உழைக்க வரும்போது, முன்பு தனக்குள் இருந்ததையும் கூடவே கொண்டுவரும் என்பதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் அதை ஒரு கண்ணைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது.

அந்தக் கேட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரு தகரப் பட்டறை. டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு முதலாளி அதை ஆரம்பித்தார். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கராஜ்களிலிருந்தும் வெற்று டின்கள், கேன்கள், சாக்குகள், இரும்புப் பீப்பாய்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். பெண்கள் டின்களையும் கேன்களையும் சீமெந்துத் தொட்டியில் போட்டு, சோடாவும் மணலும் கொண்டு கழுவுவார்கள். கழுவியவை தண்ணீர் சுமக்க லயங்களுக்குப் போகும். ஆண்கள் பீப்பாயை வெட்டித் தகடாக விரிப்பார்கள். அந்தத் தகட்டில் பெட்டி செய்வார்கள். அந்த நாட்களில் பெட்டிக்கு ஓய்வே இல்லை. ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகப் பேர் வந்த குடும்பங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தன. தலைமன்னாரில் கப்பலேற வேண்டுமென்றால் ஒரு தகரப்பெட்டியாவது வேண்டும். துணி, பித்தளைச் செம்பு, கல்யாணப் படம், வழிக்கு அரிசி, எல்லாம் அதற்குள்தான். எங்கள் லயத்திலிருந்து போனவர்கள் எல்லோரும் அந்தப் பட்டறைப் பெட்டியோடுதான் போனார்கள்.

தோட்டத்தில் வேலை நாள் குறைந்தபோது அண்ணன் அந்தப் பட்டறைக்குப் போனார். கொஞ்ச நாளில் அண்ணியும் தொட்டி வேலைக்குச் சேர்ந்துகொண்டார். அண்ணன் கைராசிக்காரர். உளியையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு ஒரு பீப்பாயை வாழையிலை விரிப்பது போல விரித்துவிடுவார். அவர் போட்ட மூடி உட்காரும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இரண்டு மூன்று தரம் மூடித் திறந்து பார்த்து, என்னைப் பார்த்துச் சிரிப்பார். அண்ணி அப்போது அதிகம் பேசாதவர். பேசினால் நேராகப் பேசுவார். தொட்டி வேலைக்குப் போன சில வாரங்களில் அவர் உள்ளங்கை வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சோறு பிசையும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டார். "சோடா தண்ணிதானே, பழகிப்போவும்," என்றார்கள் கூட வேலை செய்த பெண்கள். அண்ணியும் அப்படித்தான் நினைத்தார்.

பெட்டிக்குக் கிராக்கி ஏறியதும் முதலாளி காஸ் போட்டு வெட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். உளியால் அரை நாள் பிடிக்கும் வேலையை அது ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடித்துவிடும். அண்ணன்தான் முதலில் பழகினார். கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதன் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்ததால் அண்ணன் அதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, குவியலிலிருந்து ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூடி இறுக்கமாக இருந்தது. தூக்கிப் பார்த்தால் இலேசாக இருந்தது. வெற்றுப் பீப்பாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். அண்ணன் தீயை அதன் விளிம்பில் வைத்தார். அடுத்த கணம் பீப்பாயின் தலைப்பக்கம் கூரைத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. தொட்டியில் கை வைத்திருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி மட்டும் ஓடினார். ஈரச் சாக்கை எடுத்து அண்ணனின் முகத்தில் போட்டு அணைத்தவர் அவர்தான். முதலாளியின் வேனில், அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மலைப்பாதை முழுக்க "என்னாங்க, பேசுங்க, பேசிக்கிட்டே வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். நான் அந்த நேரம் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணனின் முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது.

வலது கண் போய்விட்டது. வலது கை விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொன்னார். உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும் அண்ணி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். கட்டுக்குள்ளிருந்து அண்ணன் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"ஏ புள்ள, அந்தப் பீப்பாவுல என்னா இருந்துச்சு?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பெட்ரோலா, பெயின்ட் கரைக்கும் எண்ணெயா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியவில்லை. அது எந்தக் கராஜிலிருந்து வந்தது என்பதும் தெரியவில்லை. ஒரு மனுஷனின் கண்ணைப் பறித்துப் போன பொருளுக்கு ஊரும் பேரும் இல்லை. அண்ணனைவிட அண்ணியைத்தான் அது அதிகம் வதைத்தது என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்க்கவில்லை. எங்கள் ஃபெக்டரியில் மெஷின்களைப் பார்க்கும் பிட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோதும், அண்ணி அவரை விறாந்தைக்குக் கூட்டிப்போய், "ஏன் வெடிச்சுச்சு? வெறும் பீப்பாதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எண்ணெய் தீர்ந்தாலும் அதன் ஆவி உள்ளே நிற்கும் என்றும், அந்த ஆவிதான் எண்ணெயைவிட மோசம் என்றும், மூடியைத் திறந்து, கழுவி, வெட்டும் இடம் வரைக்கும் தண்ணீர் நிரப்பிவிட்டு, தீயில்லாமல் உளியால் வெட்டினால் பயமில்லை என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

லயத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். பட்டறையை மூட வேண்டும், பொலிஸில் சொல்ல வேண்டும் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். முதலாளியே மனம் உடைந்து போயிருந்தார். அண்ணி அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். கூரையில் இருந்த ஓட்டை வழியாகப் பனிமூட்டம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்காரப் பெண்கள் சும்மா நின்றார்கள்.

"மூடிடுறேன்மா," என்றார் முதலாளி. "எனக்கும் மனசு கேக்கல. உங்க வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டு மூடிடுறேன்."

"மூடாதீங்க முதலாளி," என்றார் அண்ணி.

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். தொட்டிப் பக்கம் நின்ற ஒரு பெண், "என்னாக்கா சொல்றீங்க?" என்று கத்தியே விட்டாள்.

"இவரு மூடிட்டா அந்தத் தகரமெல்லாம் எங்கடி போவும்? பறந்து போயிருமா? லயத்துக்குத்தான் வரும். எவனாவது அடுப்படியில வெச்சு வெட்டுவான். பொம்பளைங்க தண்ணி எடுக்கிற பீலியில வெச்சுக் கழுவுவாங்க. அந்தத் தண்ணியத்தான் புள்ளைங்க குடிக்கும். இங்கயாச்சும் ஒரு கேட்டு இருக்கு." அண்ணி முதலாளியின் பக்கம் திரும்பினார். "மூட வேணாம். ஒழுங்கா நடத்துங்க. கேட்டுல நான் நிக்கிறேன். எதுல என்னா இருந்துச்சுன்னு தெரியாம ஒண்ணும் உள்ள வரக் கூடாது. நான் வேணாம்னா நீங்களும் வேணாம்னு சொல்லணும். அது மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க."

 முதலாளி கேட்டின் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். அவர் நல்ல மனுஷன். ஆனால் அன்றைக்கு அவர் அண்ணியின் மேல் இருந்த இரக்கத்தில்தான் அதைச் செய்தார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாளில் இந்தப் பெண் களைத்துப்போவாள் என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் நினைத்தேன்.

அண்ணி களைக்கவில்லை. காலையில் அண்ணனுக்குக் கட்டு மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்பார். இதுல என்னா இருந்துச்சு? இது இனி யாரு வீட்டுக்குப் போவப்போவுது? பதில் சொல்ல முடியாத பொருள் வெளியிலேயே நிற்கும். பிஸ்கட் டின், தேங்காயெண்ணெய் டின், பால்மா டின் எல்லாம் உள்ளே போகும். மண்ணெண்ணெய் கண்டது தனியாக வைக்கப்படும், அது மறுபடி மண்ணெண்ணெய்க்கே போக வேண்டும். பூச்சிக்கும் புல்லுக்கும் அடிக்கிற மருந்து கண்டது எதுவும் உள்ளே வரக் கூடாது. சில பேர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "ஒண்ணும் வாசமில்லையே" என்பார்கள். "மோந்து பாக்காதீங்க, அதுவே உள்ள போயிரும்" என்று அண்ணி கையைத் தட்டிவிடுவார். டவுனில் அவருக்கு 'கேட்டுத் தொரைசாணி' என்று பேர் வைத்தார்கள். அது காதில் விழுந்த நாளில், "தொரைசாணின்னா நாற்காலி போடச் சொல்லுங்க முதலாளி" என்று கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கிக்கொண்டார்.

அப்படியான ஒரு தூறல் நாளில்தான் நான் லொறியோடு போய் நின்றேன். தோட்டத்து ஸ்டோர் நிறைந்துவிட்டது என்று ஸ்டோர் ஐயா காலையிலேயே ஆள் விட்டு லொறியில் ஏற்றி வைத்திருந்தார். எல்லாம் புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த கேன்கள். மண்டையோட்டுப் படம் ஒட்டிய கேன்கள். பட்டறையில் இறக்கிவிட்டு வந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றி அட்டன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எனக்கு அவசரம்.

"அண்ணி, கேட்டைத் தொறங்க. நேரமாச்சு."

"என்னா தம்பி ஏத்தியிருக்கீங்க?"

"பாத்தா தெரியலையா? வெறும் கேன்."

"வெறும் பீப்பான்னுதான் உங்க அண்ணனுக்கும் சொன்னாங்க."

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. தொட்டிக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. "நான் என்னா செய்றது அண்ணி? தோட்டத்துல ஏத்திவிட்டாங்க. இதைத் திருப்பிக் கொண்டுபோனா ஸ்டோர் ஐயா என் வேலைய எடுத்துருவாரு. சொந்தக்காரன்னு கூடப் பாக்க மாட்டீங்களா?"

"சொந்தக்காரருன்னுதான் பாக்குறேன்," என்றார். குரல் உயரவில்லை. "உங்க வண்டிய உள்ள விட்டுட்டு, நாளைக்கு வேற எவனை நான் நிப்பாட்டுறது? திருப்பிக் கொண்டு போங்க தம்பி. எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே போவட்டும்."

வளைவில் லொறியைப் பின்னால் எடுத்துத் திருப்புவது லேசான காரியமில்லை. அண்ணியே பின்னால் போய் நின்று, "வரலாம், வரலாம், நில்லுங்க" என்று வழி சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

தோட்டத்தில் ஸ்டோர் ஐயா கேன்களை இறக்க விடவில்லை. "ஒரு பொம்பளை வேணாம்னு சொன்னா நீ கொண்டாந்துருவியா?" என்று என் மேல் பாய்ந்தார். லொறியை ஃபெக்டரி வாசலுக்குக் கொண்டுபோனேன். அப்படியே கேன்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இருக்கிற இடத்தில் தேயிலைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணம். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வெளியே வந்தார். லொறியின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெட்டிக்கும் லொறிக்கும் நடுவில் நின்றுவிட்டார்.

"யாருடா இதுல தேயிலை ஏத்தச் சொன்னது? தேயிலை எந்த வாசத்தையும் பிடிச்சிக்கும்னு தெரியாதா உனக்கு? இந்தக் கேனோட ஒண்ணா அட்டன் வரைக்கும் போனா ஒரு பெட்டியும் உருப்படாது. இறக்கிட்டு, லொறிய நல்லா கழுவிட்டுக் கொண்டா."

எனக்குப் புதிதாக எதையும் அவர் சொல்லிவிடவில்லை. தேயிலை ஏற்றுமுன் லொறியைக் கூட்டிக் கழுவுவது என் தினசரி வேலை. ஆனாலும் அந்த இடத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அட்டனுக்குப் போகும் கொஞ்ச நேரத்துக்குக்கூட இந்தக் கேன்களுக்குப் பக்கத்தில் தேயிலை இருக்கக் கூடாது. இதே கேனில் எங்கள் பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். இதைக் கழுவிய தண்ணீரில் என் அண்ணியின் கை வெடித்திருக்கிறது. வழி முழுக்க நான் திட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணும், தேயிலைக்காக நடுவில் நின்ற இந்த மனுஷனும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். இவருக்கு ஐயா என்று மரியாதை. அவருக்குத் தொரைசாணி என்று கேலி.

பெட்டிகள் ஏறவில்லை, ரயிலைப் பிடிக்க முடியாது என்றதும் தோட்டத்து மேனேஜரான தொரை ஜீப்பில் வந்துவிட்டார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த சிங்களத் தொரை அவர். தமிழ் நன்றாகவே பேசுவார். "டிரைவர், ஏன் இன்னும் ஏத்தல்ல?" என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணனின் கண் போனது அவருக்கும் தெரியும். டீமேக்கர் ஐயா சொன்னதையும் சொன்னேன். பிறகு எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, "தொரை, தேயிலைக்கு ஆகாதது எங்க பொம்பளைங்க கைக்கு மட்டும் எப்படி ஆகும்?" என்றும் கேட்டுவிட்டேன்.

ஸ்டோர் ஐயா என்னை முறைத்தார். தொரை கோபப்படவில்லை. கேன் ஒன்றில் இருந்த மண்டையோட்டுப் படத்தைக் குனிந்து பார்த்தார். "இந்த மருந்தை யாரு கொண்டு வாறது?" என்றார். கொழும்பிலிருந்து ஒரு லொறி வரும், அடுத்த வாரமும் வரும் என்றேன். "அது போகும்போது வெறுமையாத்தானே போகுது?" என்றார். அந்த லொறியிலேயே கேன்கள் திரும்பிப் போகட்டும் என்றார். அதுவரைக்கும் கேன்களை ஸ்டோருக்குப் பின்னால் பூட்டி வைக்க வேண்டும், ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அடுத்த வாரம் வந்த கொழும்பு லொறிக்காரர் ஒரு சிங்களவர், என்னைத் தம்பி என்ற அர்த்தத்தில் மல்லி என்று கூப்பிடுவார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு முதலில் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "மல்லி, எங்க ஆளுங்க புதுக் கேன் கிடைக்காம அலையுறாங்க. இதை ஏன் நீங்க முன்னமே தரல்ல?" என்றார். அதே கேன், அதே மருந்துக்கு. கழுவவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், யாருடைய அடுப்படிக்கும் போகவும் வேண்டாம். அண்ணி கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு லொறி பதிலாகிவிட்டது. அன்று பின்னேரமே நான் பட்டறைக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். "சரி தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் டீயில் சீனி அதிகம் போட்டிருந்தார். சீனி கிடைக்காத காலம் அது.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டங்கள் சில எங்கள் தொரையைப் பார்த்து அதே போலச் செய்தன. சில செய்யவில்லை. அண்ணி திருப்பி அனுப்பிய பொருளையெல்லாம் எடுத்துக்கொள்ள நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வேறு ஒருவர் கிளம்பினார். லயத்தில் யார் வீட்டிலாவது மண்டையோட்டுக் கேனைப் பார்த்தால் அண்ணி புத்திமதி சொல்லமாட்டார். மறுநாள் நல்ல தேங்காயெண்ணெய் டின் ஒன்றைக் கைப்பிடி போட்டுக் கொண்டுபோய், "இதை எடுத்துக்க, அதைக் குடு" என்பார். தண்ணிக்குப் பாத்திரம் இல்லாதவளிடம் பாத்திரத்தைக் கொடுக்காமல் பேச்சு மட்டும் கொடுத்து என்ன பயன் என்பது அவர் எண்ணம். பட்டறையில் தொட்டித் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தனிக் குழி வெட்டினார்கள். விரிசல் விட்ட கண்ணாடியை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். காஸ் கருவியைப் பீப்பாய்ப் பக்கமே கொண்டுபோவதில்லை என்று ஆனது. தொட்டிக்காரப் பெண்களின் கைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆறின. அண்ணி மறுபடி கையால் சோறு பிசைந்து சாப்பிட்டதை நான் ஒரு பொங்கல் அன்று பார்த்தேன்.

ஆறாமல் இருந்தது அண்ணன்தான். காயம் ஆறிவிட்டது. ஆனால் மனுஷன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. லயத்தில் எவனாவது தகரத்தில் ஆணி அடித்தால்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பட்டறையைப் பற்றி அண்ணி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் ஒரு முறை, "அண்ணனைக் கொஞ்சம் கூட்டிப்போய்க் காட்டுங்களேன் அண்ணி" என்றபோது, "அவரா வரணும்" என்று மட்டும் சொன்னார். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

லயத்தில் எங்கள் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த குடும்பத்துக்கு இந்தியா போகப் பேர் வந்தது. அண்ணனோடு ஒன்றாக வளர்ந்தவர் அந்த வீட்டுக்காரர். அவர் வந்து, "பெட்டி ஒண்ணு வாங்கணும், நல்லதாப் பாத்துச் சொல்லு" என்று அண்ணனிடம் கேட்டார்.  மறுநாள் காலை நான் லொறியோடு பட்டறைப் பக்கம் போனபோது, அண்ணியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சேட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். அண்ணி அவரிடம், "எந்தப் பீப்பா வேணும்னு நீங்களே பாத்துக்கங்க. எல்லாத்துக்கும் என்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தேங்காயெண்ணெய் வந்த பீப்பாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அண்ணியும் தொட்டிப் பெண்களும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள். அண்ணன் உளியைத் துணி சுற்றி வலது கையில் கட்டிக்கொண்டு, சுத்தியலை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது.   அண்ணி நடந்துபோய், பீப்பாயின் மறுபக்கத்தில், தன் இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார். சுத்தியல் இறங்கியது. வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவர் சேட்டை நனைத்தது. அண்ணன் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அந்தப் பெட்டி கப்பலேறிப் போனது. அதற்குப் பிறகும் பல பெட்டிகள் போயின. கப்பல் நின்ற பிறகு அண்ணன் தண்ணீர்த் தாங்கிகளும் கோவிலுக்கு உண்டியலும் செய்தார். எண்பதுகள் முழுக்க அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் பெரிய காயம் பட்டதில்லை. இப்போது நகரத்துப் பிள்ளைகள் பொருள்களை மறுபடி பயன்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது நான் விரும்பிக் கேட்கிறேன். பொருள் மறுபடி பிழைப்பதைப் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். அதைப் பிழைக்கவைக்கும் கைகளைப் பற்றியும் அதே அழகோடு பேசினால் இன்னும் நன்றாக இருக்கும். முடியாத காரியம் அல்ல அது. ஒரு பெண், ஒரு கேட்டில், ஒரு ஸ்டூல் போட்டுச் செய்து காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் போய்ச் சில வருஷமாகிறது. தலை முழுக்க நரைத்து, பல்லெல்லாம் விழுந்து, பேரப்பிள்ளையின் பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு, ஒரு காலையில் டீ குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வருத்தம், என்ன நோய், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் அந்த வயது வரைக்கும் இருப்பது அபூர்வம், அதனால் அப்படிக் கேட்பதுதான் வழக்கம். அண்ணி அழுத கண்ணோடு நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருத்தமும் இல்லைங்க. வயசாகித்தான் போனாரு."